ரேக்

ஐரோலியில்
ஜன்னலே இல்லாத நாலு மாடி.
மேகம் என்று சொல்லி எல்லோரும்
மேலே கைகாட்டுவது இதைத்தான்.
ப்ளாட் எண் உண்டு. தண்ணீர் வரி உண்டு.
ஜூலை மழையில் ஜெனரேட்டர் ஓடினால்
மேகத்துக்கு டீசல் வாடை.

செத்த டிஸ்க்கை உருவுவது என் வேலை.
மஞ்சள் விளக்கு மினுக்கும்.
ரேக் எண் பார்த்து, வரிசை எண் பார்த்து
இழுப்பேன்; கையில் சுடும்,
இப்போதுதான் இட்ட முட்டை மாதிரி.
புதியதைச் சொருகினால்
பக்கத்து டிஸ்க்குகள்
தமக்குத் தெரிந்ததையெல்லாம் அதன் காதில் ஓதும்.
விடிவதற்குள் போனது போகாததாகிவிடும்.

சுமேத் வாக்மாரே
தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு
இங்கே குளிர்குழாய் பார்க்கிறான்.
"அஞ்சு வருஷத்தில் எல்லா டிஸ்க்கும் மாறிடும்.
அப்போ உள்ளே இருப்பது பழையதா, வேறயா?"

காலை 6.12 தாணே லோக்கலைச் சொன்னேன்.
நேற்று வந்த பெட்டிகள் இன்று வராது,
ஓட்டுபவர் வேறு, தொங்குபவர்கள் வேறு,
ஆனாலும் அது 6.12.
வண்டித் தொடருக்கும் ரேக் என்றுதான் பெயர்.
தமிழில் எழுதினால்
அலமாரியும் ரயிலும் ஒரே எழுத்து.
சுமேத் சிரிக்கவில்லை.
நோட்டில் எழுதினான், பிறகு அடித்தான்.

இன்னொரு இரவு,
இணையவெளிக்கு அர்த்தம் கேட்டான்.
வெளி என்றால் இது, என்று இரண்டு கையையும் விரித்தேன்.
வெளி என்றால் இதுவும்தான், என்று
கதவுக்கு அப்பால் காட்டினேன்.
"ரெண்டுக்கும் ஒரே சொல்லா?"
ஒரே சொல்.
"அப்போ உங்க ஆட்கள் அங்கே போகும்போது
நுழையறீங்களா, வெளியேறறீங்களா?"
ஏழாவது வரிசையில் விளக்கு மினுக்கியது.
போய்விட்டேன்.

தாராவியில் நாங்கள் இருப்பது
இரும்பு ஏணி ஏறிப் போகும் மேல் அறை.
டேப்லெட்டோடு வந்தவர்கள்
கீழ்வீட்டுக் கதவில் எண் எழுதினார்கள்.
"மேல்மாடி இதில் வராது" என்றாள் அந்தப் பெண்,
மரியாதையாகத்தான் சொன்னாள்.
திரையைத் திருப்பிக் காட்டினாள்:
என் பெயர், என் முகம்,
அதற்குப் பக்கத்துக் கட்டத்தில்
இல்லை.

"இல்லாதவருக்கு எதுக்கும்மா போட்டோ?"
செல்லக்கனி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.
அந்தப் பெண் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி
என்பது எங்கள் விதி.
ஒன்று எரியலாம், ஒன்று வெள்ளத்தில் போகலாம்.
எங்கோ ஒரு ரேக்கில் என் 'இல்லை'யும்
மூன்றாக இருக்கும்,
பதினெட்டு டிகிரி குளிரில், பத்திரமாக.
நான் இருப்பதற்கு
ஒரு மின்கட்டண ரசீது கூட இல்லை.

உருவிய டிஸ்க்கைத் துளையிடும் எந்திரத்தில் வைப்போம்.
நடுவில் ஒரு ஓட்டை, கொஞ்சம் வெள்ளித்தூள்.
நேற்று ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன்.
அதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.
சுவர் தெரிந்தது,
சுவரில் சுமேத்தின் மழைக்கோட்டு.

ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால்
மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை படியும்.
துடைக்க மாட்டேன்.
வழி காலுக்குத் தெரியும்.

ஸ்டேஷன் கடிகாரத்தில் மணி 6.31.
பலகையில் இன்னும் 6.12.
ஒருவரும் சண்டைபிடிக்கவில்லை.
6.12 வந்தது,
ஏறினோம்.