இருபது மீட்டர்

முதலில், செத்துப்போன துணிதுவைக்கும் இயந்திரத்தின்
மோட்டாரைப் பிரித்தேன்.
உள்ளே தேன் நிறத்தில் மயிரளவு செம்பு,
சுற்றுச் சுற்றாய்.
புகைபோக்கியிலிருந்து பிளம் மரம்வரை கட்டினேன்.
அக்கம்பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.
குருவி கண்ணுக்கும் தெரியவில்லை.
காலையில் கம்பி இரண்டு துண்டு,
கீழே ஒரு இறகு.

அடுத்து வீட்டு வயரிங் கம்பி.
டோபோய் கடைக்காரன் தராசில் வைத்துத் தந்தான்:
செம்பு இப்போது இறைச்சி விலை.
நல்ல கம்பி, சொன்னபடி வளைந்தது.
சொன்னபடி வளைவது
சொல்லாமல் நீளவும் செய்யும்.
ஓஸ்ரன் மலைக்காற்றில் பத்து நாள் ஆடியபின் அளந்தால்
பத்து மீட்டர் கையில் ஒரு சாண் கூடுதல்.
நீளம் ஏறினால் அலைவரிசை இறங்கும்.
நான் ஏழு மெகாஹெர்ட்ஸில் நின்று கூப்பிடுகிறேன்,
கம்பி படிக்கட்டில் இரண்டு படி கீழே நின்று
என்ன, என்ன என்கிறது.

வேலிக்கம்பி வேண்டாம்.
துத்தநாகம் பூசிய இரும்பு கேட்பதற்கு ஆகும்;
பேசினால் பாதிப் பேச்சைத் தானே தின்றுவிடும்.
அலை கம்பியின் வயிற்றுக்குள் போவதில்லை,
தோல் வழியாகவே ஓடிவிடுகிறது.
எனக்கு வேண்டியது செம்புத் தோல், எஃகு எலும்பு.
இதைச் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன்.
"நானும் அப்படி ஒருத்தனைத்தான் தேடினேன்,
நீ கிடைத்தாய்"
என்றாள் மெவ்லிதா.

மே மாதம், பாலத்துக்கு அந்தப்புறம்,
ஸ்தொயாங்கா வீட்டு ஃப்ரிட்ஜுக்கு கம்ப்ரஸர் மாற்றப் போனேன்.
இன்னும் கொடி ஏறாத அவரைப் பந்தலில்
கறுப்பாய், இரட்டையாய் ஒரு கம்பி.
பேனாக்கத்தியால் நுனியைக் கீறினேன்.
நான்கு இழை எஃகு, மூன்று இழை செம்பு.
எஃகு விரலைக் குத்தியது.
களத் தொலைபேசிக் கம்பி.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
"காட்டோரம் கிடந்தது," என்றாள் அவளாகவே,
"இருபத்தைந்து வருஷமாய் என் அவரை
அதில்தான் காய்க்கிறது."

பேரம் நீண்டது.
கம்ப்ரஸர் கூலியில் பாதி,
நாற்பது மீட்டர் நைலான் கயிறு,
அதுவும் நீலம் கூடாது, வெள்ளை.

வீட்டுக்கு வந்து இரட்டையைப் பிரித்தேன்.
மேலே உறை இருப்பதால் அலை சற்றுத் தயங்கும்;
கைக்கு ஒரு முழம் குறைத்து வெட்டவேண்டும்.
அளந்துகொண்டே போனவன் ஆறாவது மீட்டரில் நின்றேன்.
ஒரு ஒட்டு.

தளராத முடிச்சு.
அதன் இருபுறமும் இழைகளை எதிரெதிராய் முறுக்கி,
மேலே துணி நாடா,
கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் படியவிட்டது
யாரோ, அவசரத்திலும் மறக்காமல்.
எண்பத்தாறில் நீஷ் முகாமில்
எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.
அப்போது படை ஒன்று.
பிறகு மலையின் இரண்டு சரிவிலும்
இதே முடிச்சைத்தான் இருட்டில் தடவித் தடவிப் போட்டோம்,
வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டு.
என்னுடையதாகவும் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

ஒட்டை வெட்டி எறி என்பதுதான் முறை.
வெட்டுக்குறடு கையிலேயே இருந்தது.
நாடாவைப் பிரித்தேன்: உள்ளே செம்பு
கறுக்காமல், சோளக்கதிர்போல்.
கொஞ்சம் ஈயம் உருக்கிவிட்டுத்
திரும்பச் சுற்றினேன்,
கடைசிச் சுற்றை இழுக்காமல்.

ஜூன் புயலில் பிளம் மரம் ஒரு கிளையை இழந்தது.
கம்பி ஒரு விரற்கடைகூட நீளவில்லை.

ஆகஸ்டில் ஒரு வாளி அவரையோடு வந்தாள் ஸ்தொயாங்கா.
வெள்ளைக் கயிற்றில் காய்த்தது குறைவாம், என்னால்தானாம்.
"சரி, அதில் யார் பேசினார்கள்?"
கல்யாரியிலிருந்து ஒருவர், என்றேன்.
முழங்கால் வலிபற்றி இருபது நிமிஷம்.
"நம்மைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லையா?"
தெளிவாய்க் கேட்கிறதே, என்ன கம்பி என்றார்.
"என்ன சொன்னாய்?"

அவரைக் கம்பி என்றேன்.
அவர் எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொல்லிக்
குறித்துக்கொண்டார்.