பென்சிலில் எழுதியது

காலை நாலரைக்குப் பின்கதவு.
பூட்டுக்குள் பனி இறுகிக் கிடக்கிறது.
சாவியை வாயருகே வைத்து ஊதுகிறேன்,
பத்தொன்பது குளிர்காலமாக இதே மந்திரம்.
கொதிகலன் இருமுகிறது, தயங்குகிறது,
பிறகு என்னைப் போலவே
வேறு வழியில்லாமல் வேலைக்கு வருகிறது.

படிகளில் உப்பை அள்ளி வீசுகிறேன்.
சமையலில் இப்படிப் போட்டால்
வீட்டில் ஒருவர் மிஞ்சமாட்டார்.

ஏழரைக்குப் பேருந்துகள்.
வடக்கு மினசோட்டாவின் இரும்புச் சேறு
முந்நூறு ஜோடி பூட்ஸில் ஏறி
நான் துடைத்த தரைக்குச் சிவப்பாக வருகிறது.

பத்தேகாலுக்கு
முதல் வகுப்பில் ஒரு பையன் வாந்தி.
மரத்தூளும் வாளியுமாக மண்டியிட்டு
"எனக்கும் இந்தக் கேன்டீன் சாப்பாடு ஒத்துக்காதுடா" என்கிறேன்.
அழுதுகொண்டே சிரிக்கிறான்.

மதியம் முதல்வர் லிண்ட்குவிஸ்ட்
ஒரு காகிதத்தை நீட்டுகிறார்.
"இர்மா, இன்னிக்கு ஆறரைக்கு
கௌரவ மாணவர் சங்கத்துல சேர்க்கிற விழா."
நாற்காலி நூற்றிருபது.
வெள்ளை விரிப்பு, மெழுகுவத்தி நாலு.
புகை மோப்பம் பிடிக்கும் கருவியை
ஒரு மணி நேரம் உறங்கவைக்க வேண்டும்.
கீழே பதினோரு பெயர்கள்.
எட்டாவது டேனிகா சுபான்சிச்.

நாற்காலி விரிக்கையில் அதுதான் நினைப்பு.

சங்கத்தில் சேர இருபது மணி நேரத் தொண்டு.
வியாழன்தோறும் என்னோடு இருந்தாள்.
நூலக மேசைகளின் அடிவயிற்றில்
ஒட்டிக் காய்ந்த சூயிங்கத்தைச் சுரண்டினாள்.
அதிகம் பேசமாட்டாள்,
பேசினால் தம்பியைப் பற்றி.
பதினேழு மணி ஆனபோது
முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு
இரவு வேலை மாற்றிவிட்டார்கள்.
தம்பிக்கு யார் சோறு போடுவது?
வியாழன் நின்றுபோனது.

கடைசி நாள் படிவத்தோடு வந்தாள்.
பென்சிலில் பதினேழு என்று எழுதியிருந்தாள்.
சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து
அழித்தேன். ஊதினேன்.
பேனாவில் இருபது என்று போட்டு
'இ. ஹக்கலா' என்று கையெழுத்திட்டேன்.
படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
வாங்கிக்கொண்டு போனாள்.
நன்றி சொல்லவில்லை.
கூட்டுக்களவில் யார் நன்றி சொல்வார்கள்?

ஆறரை.
பின்சுவரோரம், விளக்குப் பொத்தான்களின் கீழே, என் இடம்.
முதல்வர் தலையசைக்க, அணைக்கிறேன்.
அறிவுக்கு ஒரு சுடர்.
தொண்டுக்கு ஒன்று.
தலைமைக்கு ஒன்று.
நாலாவது நன்னடத்தைக்கு.
அது பற்றமாட்டேன் என்கிறது.

ஒரு குச்சி. இன்னொன்று. மூன்றாவதும்.
யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
என் உள்ளங்கை நனைந்துவிட்டது.
திரியை நான்தான் ஒட்ட வெட்டிவிட்டேன்,
வேறொன்றுமில்லை,
திரிதான், திரிதான்.
நாலாவது குச்சியில் பற்றுகிறது.

எட்டாவது பெயர்.
இரவல் கறுப்புப் பாவாடைக்குக் கீழே பனிபூட்ஸ்.
பதிவேட்டின் மேல் குனிகிறாள்,
மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம்.
மூன்றாம் வரிசையில் ஒரு பொடியன்
நாற்காலிமேல் ஏறி நின்று
"அது எங்க அக்கா!" என்று கத்துகிறான்.
காலையில் என்னிடம் அழுதவன்.
சேற்று பூட்ஸ், துடைத்த நாற்காலி.
இருக்கட்டும்.

எட்டு மணிக்கு
கேக் துணுக்குகளும் நானும்.
பதிவேடு மேசைமேல் திறந்தே கிடக்கிறது.
பதினொரு பேனாக் கையெழுத்துகள்,
சில பெருமையில் கோணலாக.
எட்டாவதுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே,
மயிரிழை மெல்லிசாகப் பென்சிலில்
17.

ரப்பர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
கை அதுவரை போகிறது,
தொட்டும் பார்க்கிறது.

பதிவேட்டை மூடி முதல்வர் அறையில் வைத்தேன்.
கருவியைத் தட்டி எழுப்பினேன்.
பச்சைக் கண்ணை ஒருமுறை சிமிட்டி
மோப்பம் பிடிக்கத் தொடங்கியது.

விரிப்பில் சொட்டிய மெழுகு
இன்னும் இறுகவில்லை.
இறுகினால்தான் சுரண்ட வரும்.
மேடைப்படியில் உட்கார்ந்து
காத்திருக்கிறேன்.