அறுநூறு கிலோ

சாண்டியாகோவிலிருந்து ஆக்லாந்துக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அது வரைபடத்தின் விடை.
என் மேசையில் அது செல்லாது.
போக பதின்மூன்று மணி நேரம், வர பதினொன்று.
தூரம் ஒன்றுதான்.
காற்று மேற்கிலிருந்து வருகிறது, அவ்வளவே.

பதினேழு வருடமாக இதுதான் வேலை,
ஏறாமல் அனுப்புவது.
எரிபொருளை நிறுப்பது,
நடுவழியில் ஒன்று ஆகிவிட்டால் இறங்க
ஓர் ஓடுபாதை தேடுவது.
தெற்குப் பசிபிக்கில் லேசில் கிடைக்காது.
தண்ணீர். அதற்கப்பால் தண்ணீர்.

இன்றிரவு பதினொன்று ஐம்பது விமானத்தில்
எலியெசர் போகிறான்.
முப்பத்தியோராம் வரிசை, ஜன்னலோரம்.
அவனே செய்தி அனுப்பியிருந்தான்,
தெரியப்படுத்தலாமென்று.
சால்மன் பண்ணையில் இரண்டு வருட ஒப்பந்தமாம்.
நாங்கள் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து
வரும் மே மாதம் நான்கு வருடம்.

இன்று மார்ச் பத்து.
அவன் இறங்கும்போது அங்கே பன்னிரண்டு, விடிந்திருக்காது.
பதினொன்று அவன் பிறந்தநாள்.
ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருக்கிறான், பாவம்,
வழி முழுக்க இருட்டு.
நாற்பத்தெட்டாவது வயது
கடலுக்கு மேலே எங்கேயோ
தேதிக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல்
தூக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சேர்ந்திருந்த காலத்தில் எதற்கெடுத்தாலும்
"எவ்வளவு நேரம் ஆகும்?" என்பான்.
பீன்ஸ் வேக,
நான் குளித்து வர,
கோபம் ஆற.
முதல் இரண்டுக்கு நிமிடக் கணக்கில் சொல்வேன்.

கணினி சொன்ன எரிபொருளோடு
அறுநூறு கிலோ கூட்டினேன்.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
வானிலை என்று எழுதினேன்.
வானிலையில் ஒரு குறையும் இல்லை.

கேப்டன் ஒஸ்ஸாந்தோன் கூப்பிட்டார்.
"ஹெர்மினியா, இந்த அறுநூறு எதற்கு?"
"எதிர்காற்று கொஞ்சம் கூடலாம்."
"நான் பார்த்தவரை குறைகிறதே."
நான் பேசவில்லை.
அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.
"சரி, இருந்துவிட்டுப் போகட்டும்."

எரிபொருளுக்கு ஒரு குணம் உண்டு.
கூடுதலாக ஏற்றியதைச் சுமக்கவே
அதில் ஒரு பங்கு எரிந்துபோகும்.
தூரம் கூடக்கூடப் பங்கும் கூடும்.

வேலைநேரம் காலை ஏழுக்கு முடிந்தது.
வீட்டுக்குப் போகவில்லை.
காபி இயந்திரம் என் கடைசிச் சில்லறையை விழுங்கிவிட்டு
வெந்நீரை மட்டும் தந்தது. குடித்தேன்.
ஆந்தீஸ் மேல் வெயில் ஏறி, வெளுத்து,
பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்குத் தகவல் வந்தது:
தரை தொட்டாயிற்று.
மீதி எரிபொருள், திட்டத்தைவிட
முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ அதிகம்.

இருநூற்றுப் பத்து வழியில் போயிருக்கிறது.

போனை எடுத்தேன்.
பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்க வழியில்லை,
தெரிந்துவிட்டது.
பிறந்தநாள் வாழ்த்து என்று மட்டும் அனுப்பினேன்.
அங்கே அது முடிந்துபோன தேதி.
இங்கே இன்னும்
பாதி நாள் கிடக்கிறது.