சீட் பெல்ட்டின் கடைசி முழம்

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பாலைச் சோதிப்பது என் வேலை.
இரவு இரண்டு மணிக்கு டேங்கர் வந்து நிற்கும்.
மூடி திறந்து, கலக்கி, குப்பியில் மொண்டு
ஒரு சொட்டு அயோடின்.
நீலமானால் மாவு.
ஆகாவிட்டால் டிரைவர் சிரிப்பார்.
முதலிலேயே சிரிக்கிறவர்களும் உண்டு.

ஆவணியில் குறிச்சீட்டு விழுந்தது,
மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
ஆல்ட்டோ போதும் என்றாள் அண்ணி.
மைலேஜ் எவ்வளவு என்றது
கொழிஞ்சாம்பாறை முழுக்க.
எனக்கு வேண்டியது சின்ன கார்;
சந்தை நாளில் தேங்காய் லாரிகளின் இடுக்கில் நுழைகிற அளவு.
ஆனால் மூன்றாவது கியரில்
முதுகைப் பிடித்து இருக்கையோடு அறைய வேண்டும்.
தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சிரித்தார்கள்.
மலையாளத்தில் சொன்னேன்,
தமிழில்.

சாலக்குடியில் ஒரு போலோ ஜிடி.
சிவப்பு. மெழுகு போட்டுப் போட்டு
என் முகத்தை எனக்கே அழகாய்க் காட்டியது.
'டாக்டர் ஓட்டிய வண்டி, லேடி டாக்டர்' என்றான் தரகன் ஜிஜோ.
'ஆஸ்பத்திரி, வீடு, பள்ளி, அவ்வளவுதான்.'
இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களையெல்லாம்
டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள்.
நோயாளிகள் பஸ்ஸில் போயிருப்பார்கள்.

மீட்டர் நாற்பத்திரண்டாயிரம் என்றது.
பிரேக் பெடலின் ரப்பர் வேறு கணக்கு சொன்னது.
நான் எதுவும் கேட்கவில்லை.
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தேன்.
இன்னும் இழுத்தேன்.
யாரும் இழுக்காத கடைசி முழத்தில்
ஒரு பழுப்புக் கோடு,
நேராக, ஸ்கேல் வைத்ததுபோல்.
விரலை ஈரமாக்கித் தேய்த்து முகர்ந்தேன்.
ஆறு.

பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிப்பேன்.
தண்ணீரில் மூன்று நாள் கிடந்த காரைக் கண்டுபிடிக்க
எந்தப் படிப்பும் வேண்டாம்,
பொறுமையாக இழுத்தால் போதும்.
ஆனால் அந்த டாக்டர் நிஜமாகவே இருந்திருக்கலாம்.
மொட்டை மாடியில் நின்றபடி
முற்றத்தில் சிவப்புக் கூரை
மெல்ல மெல்லக் காணாமல் போவதைப் பார்த்திருக்கலாம்.
பெல்ட்டை விட்டேன்.
அது உள்ளே போக நேரம் எடுத்தது.

அடுத்தது வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம்,
நார் மில் லிங்கேஸ்வரனின் பலேனோ ஆர்எஸ்.
காலை ஆறு மணி. பேசுவதற்கு முன்னே
பானெட்டில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.
எனக்காகச் சூடாக்கி வைக்கவில்லை.
'இடது கதவு மாட்டு வண்டியில் உரசினது.
ஏசி மதியத்தில் பேருக்குத்தான்.
டர்போ ஹோஸ் மாத்தினேன், பில் இருக்கு.
பையனுக்குப் பள்ளிக்கூடம் கட்டணும், அதான்.'
குற்றம் சொல்லிச் சொல்லியே விற்கிறவனிடம்
பேரம் பேச வாய் வரவில்லை.
இருந்தும் பேசினேன். பதினைந்தாயிரம் குறைத்தான்.

வாய்க்கால் ரோட்டில் ஆளில்லை.
இரண்டாவது கியரில் சாதுவாக இருந்தது.
மூன்றாவதில் மிதித்தேன்.
ஒரு கணம் ஒன்றுமில்லை.
பிறகு தென்னைகள் எல்லாம் ஒரே தென்னையாயின.
கணவாய்க் காற்று எதிரே வந்து மோதி
வழி விட்டது.
பக்கத்தில் லிங்கேஸ்வரன்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
'இதுதான், இதுக்குத்தான் வாங்கினேன்' என்றான்.
குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.
நான் சாலையைப் பார்த்தேன்.

பத்தாயிரம் அட்வான்ஸ்.
டிஎன் 41 நம்பர் கேஎல் 70 ஆக வேண்டும்.
தடையில்லாச் சான்று பொள்ளாச்சியில்,
வரி சித்தூரில்,
துண்டு விழும் இருபத்திரண்டாயிரம்
அண்ணியின் கையில்;
அவளோ இன்னும் ஆல்ட்டோவில் இருக்கிறாள்.
எல்லை தாண்டும் எதையும்
நிறுத்தித் திறந்து பார்த்தே விடுகிறவள் நான்.
என் வண்டிக்கு மட்டும்
அவசரப்படச் சொன்னால் எப்படி?

நேற்றிரவு கடைசி டேங்கர்.
ஒரு சொட்டு விட்டேன்.
நீலம் வரவில்லை.
போகலாம் என்று கை காட்டினேன்.
பன்னிரண்டாயிரம் லிட்டர் பாலோடு
முதல் கியரில் முனகி நகர்ந்தது.
இரண்டாவது.
கதவோரம் நின்று காத்திருந்தேன்,
வளைவுக்கு அப்பால்
அது மூன்றாவதுக்கு மாறுகிற சத்தத்துக்காக.