ஒரு பிளேன்டீ அளவு

மூக்கில் கிளிப். வாயில் அட்டைக் குழல்.
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
விடாதீங்க இன்னும் இன்னும் இன்னும் —
முந்தினவருக்கு இதையே பிம்பின்ன, பிம்பின்ன என்றேன்.
பொரளைச் சந்தி பஸ் நடத்துநன் மாதிரி
நாள் முழுக்கக் கத்துகிறேன்,
இறங்கவேண்டியது காற்று மட்டும்.

சவாஹிர் நானா, அறுபத்து மூன்று.
நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி.
முப்பத்தெட்டு வருசம் செத்தல் மிளகாய் மூட்டை,
மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே பீடி.
சின்னதில் தொய்வு.
தொண்ணூற்றொன்றில் கசம்; அதன் தழும்பு
எக்ஸ்ரேயின் வலது மேல்மூலையில்
துவைத்தும் போகாத வாழைக்கறை.

திரையில் கோடு எழும்பி, உடனே
நனைந்த சாரம் போட்ட கொடிக்கயிறாய்த் தாழ்ந்தது.

நாலு பஃப். பதினைந்து நிமிடம் வாங்கில் இருங்க.
திரும்ப ஊதுங்க.
இருநூற்று நாற்பது மில்லிலீட்டர் கூடியிருந்தது.
ஒரு பிளேன்டீக் கோப்பை.
பீடி மட்டும் என்றால் இவ்வளவு திரும்பி வராது,
தொய்வு மட்டும் என்றால் இதோடு நிற்காது.
டொக்டர் பென்சிலால் ஒரு பெயர் எழுதினார்,
கூட்டல் குறி, இன்னொரு பெயர்,
தழும்புக்குக் கேள்விக்குறி.
சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகே அதை அழித்தார்.
"மூணு குடும்பத்துக்கும் ஒரே வாசலா?" என்றார் நானா.
மாளிகாவத்தைக்காரர், அவருக்குத் தெரியும்.

மூன்று மாதம். கோடு அசையவே இல்லை.
மருந்தைக் கூட்டுவோமா என்று டொக்டர் யோசிக்க
நான் பையை அவிழ்க்கச் சொன்னேன்.
கெப்ஸ்யூல் தட்டுகள் காலி.
உறிஞ்சும் கருவி பெட்டிக்குள், பொலித்தீன்கூடக் கிழியாமல்.
"முழுங்கினேன், மகள். காலைல ஒண்டு, ராவைக்கு ஒண்டு.
வகுறு நல்லா ஈக்கி."

சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்,
இருமல் வந்து பாதியைப் பிடுங்கிக்கொண்டது.
சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இருந்தது.
எப்படி என்று இல்லை.
அது என் கையெழுத்து.

கெப்ஸ்யூலை உள்ளே வைத்து, அமுக்கிக் குத்தி,
உதட்டை இறுக்கி இழுங்க என்றேன்.
கிர்ர்ர்.
"ஈசல் மாட்டின மாதிரி" என்றார், கண் விரிய.
அதுதான், அந்தச் சத்தம் கேக்கவேணும்.
பிறகு வாய் கொப்பளிக்கவேணும்.

இன்றைக்கு வந்தார். எண்கள் பெரிதாய் ஏறவில்லை.
மருதானைப் பாலத்தில் முன்பு ஐந்து இடம் நிற்பாராம்,
இப்போது இரண்டு.
"ரெண்டாவது மூச்சுக்கில்ல. ரயில் பாக்க."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.
பீடி? என்றேன்.
தொப்பியைக் கழற்றி, உதறி,
மறுபடி போட்டுக்கொண்டார்.