அல்டோவின் அடிப்பக்கம்

முப்பத்தெட்டாயிரம்.
கல்குலேட்டரில் அடித்துக் காட்டுகிறார் முபஸ்ஸிர் பாஸ்,
வாயால் சொன்னால் நான் கோபிப்பேன் என்பதுபோல.
மெனிபோல்டிலிருந்து வால்வரைக்கும் கழற்றி,
மணல் அடித்து, கொழும்புக்கு அனுப்பி,
செரமிக் பூசி வர எட்டு நாள்.
"எண்ணூறு பாகை தாங்குமாம் மிஸ்,
கடதாசியில கிடக்கு."

கடதாசியில் நிறையக் கிடக்கும்.
வங்கியில், அடகுப் பகுதியில், எனக்குப் பன்னிரண்டு வருடம்.
அக்கரைப்பற்றின் மினுக்கம் பாதி
என் கறுப்புக் கல்லில் ஒரு கோடு இழுத்துத்தான்
கடனாகிப் போயிருக்கிறது.

இருந்தும் ஆசை வந்தது.
சித்திரை வெயிலில் மணிக்கூட்டுச் சந்தியில்
பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால்
கியர் பெட்டியடியால் ஒரு சூடு ஏறும்,
செருப்பைத் தாண்டிக் கணுக்கால் வரை.
பின் சீற்றடியில் வைத்த தயிர்ச்சட்டி
வீடு வருமுன்
தண்ணி வேறு கட்டி வேறாய்ப் பிரிந்தது.
சைலன்சர் வேறு. மூன்று வருடத்தில் இரண்டு.
கடல் பக்கத்தில். யன்னலில் விரல் வைத்தால் உப்புப் பிசுபிசுக்கும்.

பக்கத்து வீட்டு விமலசூரியர் தன் வேனுக்குப் பூசிவிட்டார்.
கொழும்பு ஹயரால் வந்த கையோடு பொனட்டைத் திறந்து
"கையை வைச்சுப் பாருங்க" என்கிறார்.
நான் வைக்கவில்லை.

இரவு லீசிங் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்கு.
உள்ளூர் வெல்டிங் குழாய் பதினோராயிரம்.
மூன்று முறை மாற்றினாலும் ஐயாயிரம் மிச்சம்.
ஆனால் பூச்சு பத்து வருடம் நின்றால்?
ஆனால் அல்டோ பத்து வருடம் நிற்குமா?
ஆனால் நான்
அந்த வரியை வெட்டினேன்.

"பூசின குழாய் பழசு ஒண்டு இருந்தாக் காட்டுங்க பாஸ்."
தொழில் புத்தி. கல் இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை.

இரும்புக் குவியலுக்குள்ளிருந்து ஒன்றை இழுத்தார்.
வெளியே சாம்பல் பட்டு, ஒரு கீறலில்லை.
கிரைண்டரைப் பிடித்தார்.
பிளந்ததும் உள்ளிருந்து
கருவாட்டுச் செதில் மாதிரி துரு கொட்டியது,
மறுகா, கொஞ்சம் மண்ணிறத் தண்ணீர்.

"எஞ்சின் கொதிக்க முந்தி நிப்பாட்டினா
புகையோட வாற தண்ணி வெளியேறாது மிஸ்.
உள்ளுக்குள்ள கிடந்து திண்ணும்.
ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுறீங்க?"

ஆலையடிவேம்பிலிருந்து வங்கிக்கு இரண்டு கிலோமீற்றர்.
பின்னேரம் திரும்ப இரண்டு.
வயதைச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னேன்.

"அப்ப விமலசூரியர்?"
"அவர்ர வண்டி எட்டு மணித்தியாலம் ஒரே ஓட்டம்.
அதுர சூடு வேற, அதுக்குப் பெறுமதி.
உங்களுக்கு இது மினுக்கம்."

பூச வேண்டியவரே பூசாதே என்றது
என் கல்லில் இதுவரை விழாத கோடு.

பிறகு அடியில் படுத்தார்.
சூட்டுத் தகட்டில் ஒரு ஆணி இல்லை;
என் கணுக்காலை எரித்தது அந்த இடைவெளி.
ஆணி, இரண்டு ரப்பர், கூலி:
ஆயிரத்து நானூற்று ஐம்பது.
"மாதத்தில ரெண்டு தரமாவது தூரத்துக்கு ஓடுங்க.
குழாய் நல்லாக் கொதிச்சாத்தான் தண்ணி காயும்."

ஞாயிற்றுக்கிழமை.
"எங்க வெளிக்கிட்டாய்?" என்றார் கணவர்.
"சைலன்சர் காயவைக்க."
சிரித்தார். நான் சிரிக்கவில்லை, திறப்பை எடுத்தேன்.

தம்பிலுவில், திருக்கோவில், பிறகு
வயலும் வெட்டையும் மாறி மாறி.
இந்த வண்டிக்கு ஐந்தாம் கியர் இருப்பதே
மறந்துபோயிருந்தது.
கோமாரி தாண்டியதும் அது விழுந்த சத்தம்
எனக்குப் புதிது.
யாரும் ஏறவில்லை, யாரையும் இறக்கவில்லை.
காலடி குளிர்ந்து கிடந்தது.

பொத்துவிலில் பிளேன்ரீ ஒன்று.
அதற்கு முதல் வண்டியின் பின்னால் குந்திப் பார்த்தேன்:
குழாயின் வாயில் ஈரமில்லை.
தொட்டுப் பார்க்கும் அளவுக்கு
எனக்குப் பைத்தியமில்லை.