நட்சத்திரக் குறியிடாத வினா

கடல் இல்லாத தொகுதிக்கு
நீர்மூழ்கிக் கப்பல் எதற்கு என்று
டெல்லியில் யாரோ சிரித்தார்களாம்.
எம்.பி. வந்து சொன்னார்.
நானும் சிரித்திருப்பேன்,
சௌடேஸ்வரியைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில் எடை போடுகிறவள்.
மூன்று திங்கட்கிழமை
அஸ்தம்பட்டி அலுவலகத்துக்கு வந்தாள்.
பட்டா மாறுதல், ரயில்வே கோட்டா, ஆழ்துளைக் கிணறு
மனுக்களுக்கு நடுவே
மஞ்சள் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தபடி.

"அணுக்கப்பல் நிக்கிற தளத்துல இருக்காரு.
எந்த ஊருன்னு நான் சொல்லக் கூடாதாம்.
பேட்ஜ் படிக்கிற வேலை சார்.
ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் ஒண்ணு குத்தியிருக்கும்,
எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அது வச்சிருக்கும்.
படிக்க எத்தன பேரு வேணும், எத்தன பேரு இருக்காங்க,
அவரு சொல்லல. சொல்லவும் மாட்டாரு.
லீவுல வந்தா ரெண்டு நாளைக்கு
எழுந்திருக்கவே மாட்டேங்குறாரு.
மீதி நானா போட்ட கணக்கு."

பிறகு, கேட்காமலே:
"பட்டறையில ராத்திரி கூட்டுன தூசியையும் நிறுப்போம்.
நூறு மில்லி குறைஞ்சா யாரும் வீட்டுக்குப் போக முடியாது.
அங்க தூசிய யாரு நிறுக்கறா?"

நான் எழுதினேன்.
பாதுகாப்புத் துறை அமைச்சர் தெரிவிக்கக் கனிவு கூர்வாரா:
அ) கதிர்வீச்சுக் கண்காணிப்புக்கு
அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை;
ஆ) ஒரே ஊழியர் தொடர்ந்து பதினாறு மணி நேரம்
பணியில் இருக்க நேர்வது உண்மையா;
இ) ஆம் எனில் விவரம்;
ஈ) இல்லை எனில்,

இல்லை எனில் அவரு ஏன் எழுந்திருக்கறதில்லன்னு போடுங்க என்றாள்.
போடவில்லை. அதற்கு விதி இல்லை.

குலுக்கலில் விழுந்தது,
நட்சத்திரக் குறி இல்லாத பட்டியலில்.
அமைச்சர் எழுந்து நிற்க வேண்டியதில்லை.
துணைக்கேள்வி கிடையாது.
பதில் தாளில் வரும்.

வந்தது.
அ) தேசப் பாதுகாப்பு கருதி வெளியிட இயலாது.
ஆ) பன்னாட்டுத் தரத்திலான நடைமுறைகள் பின்பற்றப்படுகின்றன.
இ), ஈ) வினா எழவில்லை.

தமிழில் படித்துக் காட்டினேன்.
"யாரு எழலைங்கறாங்க?" என்றாள்.

ஐந்து மாதம் கழித்து நிலைக்குழு அறிக்கை.
எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு பத்தி:
"* பணியிடங்களில் * காலியாக இருப்பதைக்
குழு கவலையுடன் குறிப்பிடுகிறது."

சன்னலோரம் கொண்டுபோய்
நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
"மூணு நட்சத்திரம்னா மூணு இலக்கமா சார்?"
இல்லம்மா. எந்த எண்ணுக்கும் மூன்றுதான்.
"இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் ஒரே எடையா?"

மின்விசிறி சுற்றியது.
வெளியே டோக்கன் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.
அவள் நகரவில்லை.
நகம் 'கவலையுடன்' மேல் வந்து நின்றது.
"இத மறைக்க மறந்துட்டாங்க போல."

அந்தப் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் கேட்டாள்.
ஒரு ரூபாய்தான், வேண்டாம் என்றேன்.
மேசையில் வைத்துவிட்டாள்.
எடைக்காரி, பாக்கி வைக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் மூன்று மணிக்கு
ஜங்ஷனில் இறங்குகிறானாம்.
காட்டுவாயா?
"தூங்கட்டும் சார்."

இந்த முறை நட்சத்திரக் குறியிட்டுக் கேட்கச் சொல்கிறாள்.
நாளொன்றுக்கு இருபதுதான் எடுப்பார்கள்,
பதினைந்து நாள் முன்பே தர வேண்டும்,
குலுக்கலில் விழ வேண்டும்,
விழுந்தாலும் அன்றைக்கு அவை நடக்க வேண்டும்.
எல்லாம் சொன்னேன்.

கொலுசு ஒட்டுகிற அட்டையின் பின்புறத்தில்
கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டாள்.
"நட்சத்திரம் போட்டா
எழுந்து நின்னு சொல்லணும் இல்லையா?"

ஆமாம் என்றேன்.
அதுவரை நான் சொன்னதில்
அதை மட்டும் இரண்டு முறை கேட்டாள்.